கம்பிக்கும் உண்டு கணக்குத் தலைப்பு

எஸ்.டி.டி. பூத் வரிசையில் நின்னு ஊருக்குப் பேசின நமக்கெல்லாம் டெலிபோன்னா ஒரே கம்பிதான். பேங்க்குக்கு அப்படி இல்லைங்க. மும்பைக்கு மாற்றலாகி வந்து, கிளைகளோட லைன் வாடகை பில்லைச் சரிபார்க்க உட்கார்ந்தப்பதான் அதில் எத்தனை வகைன்னு புரிஞ்சது.

1962-ல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் டி1 முறையைக் கொண்டுவந்தது. இரண்டு ஜோடிச் செம்புக் கம்பியில் 24 பேச்சுகள். ஐரோப்பாவிலும் நம்ம நாட்டிலும் நிலைச்சது 30 பேச்சு போகிற இ1. கிளைகளுக்கு வந்தது பெரும்பாலும் 64 கிலோபிட் லீஸ்டு லைன்; அப்புறம் ஐ.எஸ்.டி.என்., மொட்டை மாடியில் வி-சாட். 1999-ல் ஐதராபாத்தின் ஐ.டி.ஆர்.பி.டி. வங்கிகளுக்காகத் தொடங்கின இன்ஃபினெட்டும் வி-சாட்டில்தான் ஓடிச்சு.

சிக்கல் வாடகையில். லீஸ்டு லைனுக்குத் தூரமும் வேகமும் கணக்கு. ஐ.எஸ்.டி.என்.னில் பேசின நேரத்துக்கும் காசு. வி-சாட்டுக்குத் தூரக் கணக்கே இல்லை. பட்டியலிலோ ஒருத்தர் "64கே"ன்னு அடிப்பார், இன்னொருத்தர் "எல்.எல்."னு அடிப்பார். கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற. எடுத்துட்ட லைனுக்கும் வாடகை போயிட்டிருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது? போறது டெபாசிட்தாரர் பணமாச்சே!

வழி ரெண்டு இடத்திலிருந்து வந்தது. 1970-ல் ஐ.பி.எம்.மின் எட்கர் காட் தகவலை அட்டவணைகளாகப் பிரிச்சு வைக்கிற முறையைச் சொன்னார். அதன்படி லைன் வகைக்குத் தனி அட்டவணை. ஒவ்வொரு லைன் பதிவிலும் வகையோட குறியீடு மட்டும். அதுக்கு முன்பே 1967-ல் நார்வேயின் டாலும் நைகார்டும் சிமுலா 67 மொழியில் 'கிளாஸ்' என்ற கருத்தைக் கொடுத்துட்டாங்க. 1979-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்ட்ரூஸ்ட்ரப் அதை சி மொழியோடு சேர்க்க ஆரம்பிச்சார். அதுதான் பிறகு சி++ ஆச்சு.

ரெண்டையும் சேர்த்தா வேலை சுலபம். எல்லா லைனுக்கும் பொதுவானது எண், கிளை, தொடங்கின தேதி. இது தாய் கிளாஸ். வகைக்கு ஒரு பிள்ளை. குறியீட்டைப் பார்த்து புரோகிராம் சரியான பிள்ளையை உருவாக்கும். "வாடகை எவ்வளவு?" என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொண்ணும் தன் கணக்கில் பதில் சொல்லும். புது வகை வந்தா இன்னொரு பிள்ளை. பழசில் கை வைக்க வேண்டாம்.

பி.காம். படிச்சவங்களுக்கு இது புதுசில்லை. தலைப்பு ஒண்ணு, பதிவு நூறு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க: வழக்கொழிஞ்ச வகையை அழிக்காதீங்க, முடிவுத் தேதி மட்டும் போடுங்க. பழைய பில்லை ஆடிட்டர் கேட்கிற நாள் வரும். பேரேட்டில் யாராவது ரப்பர் போடுவாங்களா?