சுடலைப் பணியும் அதன் கூலியும்

வெள்ளி விழா மலரில் இடுகாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று நம் அன்பர்கள் சிலர் வினவினர். பட்டம் பெற்றோர், பதவியில் அமர்ந்தோர் ஆகியோரின் படங்கள் வெளிவரும் ஏட்டில் குழியும் பாடையும் வேண்டுமோ என்பது அவர்தம் தயக்கம். அத்தயக்கம் நமக்கும் இருந்தது. ஆயினும், எத்தொழிலிலிருந்து நம் பிள்ளைகளை விடுவிக்க இக்கழகம் தோன்றியதோ, அத்தொழிலின் வரலாற்றை நாமே எழுதாவிடில் வேறு எவரும் எழுதப் போவதில்லை.

புதுவையைச் சூழ்ந்த ஊர்களில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், முதலில் ஆள் வருவது நம் சேரிக்கே. உறவூர்களுக்கு இழவு சொல்லப் போக வேண்டும். பறை அறைய வேண்டும். மூங்கிலும் பச்சை ஓலையும் கொணர்ந்து பாடை கட்ட வேண்டும். குழி வெட்ட வேண்டும். எரிப்பதாயின் விறகும் எருமுட்டையும் அடுக்கி, உறவினர் திரும்பிய பின்னும் இரவெல்லாம் நெருப்பைக் காக்க வேண்டும். மறுநாள் பால் தெளிக்க வருவோர்க்கு எலும்பு பொறுக்கித் தர வேண்டும். ‘வெட்டியான்’ என்று ஒருமையில் அழைத்தனர். ஆனால் அது ஒருவரின் வேலையன்று. ஒரு குடும்பத்தின் வேலை. தந்தை அடுக்குவார், மகன் சுமப்பான். தந்தைக்குப் பின் மகனே அடுக்குவான்.

இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைப்போர் உளர். மழை நாளில் ஈர விறகைக் கொண்டு ஓர் உடலை முற்றும் எரித்து முடிப்பதும், கடலோர மணலில் பக்கம் சரியாமல் குழி தோண்டுவதும் பழக்கமில்லாதவர்க்குக் கைவரா. 2020 ஜூனில், கொரோனாவால் இறந்த ஒருவரின் உடல் புதுச்சேரி இடுகாடு ஒன்றில் குழிக்குள் வீசப்பட்ட காட்சியை நாடே கண்டு பதறியது. ஓர் உடலைக் குழியில் இறக்குவதும் கற்றுத் தேற வேண்டிய பணி என்பது அன்று பலருக்கு விளங்கியிருக்கும்.

குழி வெட்டுவதால் வெட்டியான் என்று பெயர் வந்ததாகவே நம்மில் பலரும் எண்ணுகிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்பது கூலியின்றி வாங்கப்படும் கட்டாய உழைப்பின் பெயர். ஆகவே, கூலி இல்லை என்பது அப்பெயரிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

சுடுகாட்டு வாயிலில் பாடையை இறக்கி வைக்கும் அரிச்சந்திரன் கோயிலை அறியாதார் இல்லை. கூத்தாகவும் நாடகமாகவும் அக்கதையை விடிய விடியக் கண்டவர்கள் நாம். அதில் ஒன்றைக் கவனிக்கலாம். மன்னனை விலைக்கு வாங்கும் வீரவாகு சுடலையின் உரிமையாளன். நம் இனத்தவன் என்றே கதை கூறும். பிணம் ஒன்றுக்கு முழத்துண்டும் கால்பணமும் உடையவனுக்கு. வாய்க்கரிசி மட்டுமே காவல் காப்பவனுக்கு. சந்திரமதி தன் மகனின் உடலோடு வந்து நின்றபோது, அரிச்சந்திரன் தன் பங்கான வாய்க்கரிசியை விட்டுக்கொடுக்க முன்வந்தான். ஆண்டைக்குரியதை விட அவனால் இயலவில்லை. இதனை வாய்மையின் பெருமை என்று உரைப்பர். நாமோ கணக்கையும் பார்க்கிறோம். விட்டுக்கொடுக்கப்படுவது எப்போதும் உழைப்பவனின் பங்காகவே இருக்கிறது.

இனிப் புதுவைக்கு வருவோம். சம்பாக் கோயிலில் நம்மவரைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபர் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். நம்மவர் பெரிய குருவிடம் சென்று முறையிட, அச்சுவர் இடிக்கப்பட்டது. வழிபாட்டில் சுவர் எழுப்பியவர்கள் அடக்கத்தில் மட்டும் சமம் பேணுவரோ? திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுந்தது.

பிரெஞ்சு நாட்டில் 1804-ஆம் ஆண்டின் ஆணை சவ அடக்கப் பணியைத் திருச்சபைகளின் தனியுரிமையாக்கிற்று. 1904-ஆம் ஆண்டின் சட்டம் அதனை நகராட்சிகளுக்கு மாற்றியது. 1993-இல் அத்தனியுரிமையும் நீங்கியது. அங்கு அது பொதுப்பணி, கட்டணம் உண்டு. அவர்கள் ஆண்ட இம்மண்ணிலோ அது பிறப்பின் வழியே வந்தது. பிறப்பின் வழியே தொடர்ந்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாளைய ஆணைப்படி நம்மவர் பலர் தம் பழைய குடிநிலையைத் துறந்து, புதிய குடும்பப் பெயர் சூடிப் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வந்தனர். ஏட்டில் சாதி போயிற்று, மண்வெட்டி போகவில்லை.

மறுப்புக் குரல் எழாமல் இல்லை. சாவுச் செய்தி சுமப்பது உள்ளிட்ட மகர்களின் வதன் ஊழியத்தை ஒழிக்க அண்ணல் அம்பேத்கர் 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொணர்ந்தார். நமக்கு அண்மையில், காட்டுமன்னார்கோயில் பகுதியில், இளையபெருமாள் அவர்கள் சாப்பறை அடிப்பதை நிறுத்தச் சொல்லி ஊர் ஊராய்ப் போராடினார். கிராமப் பதவி பரம்பரைச் சொத்தாகாது என்று உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு ஒரு முன்சீப் பதவியைப் பற்றியது. முன்சீப்பின் பரம்பரை வேறு, வெட்டியானின் பரம்பரை வேறு: முன்னது பிறர் விரும்பியது, பின்னது எவரும் விரும்பாதது. ஆதலின் முன்னதை நீக்கத் தீர்ப்பு போதுமாயிற்று. பின்னதற்கு நெடுங்காலம் பிடித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தமே, நம்மவரைப் பிணம் சுமக்கவோ குழி வெட்டவோ செய்வதைத் தனிக் குற்றமாக எழுதி வைத்தது.

இன்று நகரில் இது குடும்பக் கடையாகப் பெயர்ப்பலகையுடன் நடைபெறுகிறது. குளிர்பதனப் பெட்டி, அமரர் ஊர்தி, பந்தல், நாற்காலி, மாலை அனைத்தும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. முதல் உள்ளவர் எச்சாதியினராயினும் கடை வைக்கின்றனர். அதில் பிழை ஏதும் காண்கிலோம். காசியில் மணிகர்ணிகைத் தீக்கு உரிமை பூண்ட தோம் இனத்தின் தலைவர் ஜெகதீஷ் சௌத்ரிக்கு, அவர் மறைந்த பின் 2021-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நம் இளைஞருள் எவரேனும் முன்னோர் தொழிலிலேயே நிற்க விரும்பினால், பெட்டிக்கும் ஊர்திக்கும் உரிமையாளராக நிற்கட்டும் என்பதே நம் கருத்து. விரும்பாதவரை அழைக்க எவருக்கும் உரிமை இல்லை.

பெட்டிக்கு நாள் வாடகை உண்டு. ஊர்திக்குத் தொலைவைப் பொறுத்துக் கட்டணம் உண்டு. இவற்றில் எவரும் பேரம் பேசுவதில்லை. குழி வெட்டியவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கும்போதுதான், “பார்த்துக் கொடுக்கிறோம், இருப்பா” என்கின்றனர்.