மதிலில் விழுகிற வெளிச்சம்

இரவு எட்டு மணிக்குப் பிறகு பண்ணைத் தாம்போதியில மோட்டார் சைக்கிள் ஓடியிருக்கிறீங்களா? இரண்டு பக்கமும் கடல். எதிரே ஒரு வான் வருது. அதின்ர லைற் நேரே கண்ணில அடிக்குது. இரண்டு மூன்று செக்கனுக்கு றோட்டும் இல்லை, கரையும் இல்லை. நாங்கள் டிம் பண்ணிக் காட்டுறம். அவரும் டிம் பண்ணுறார். அப்பவும் அதே வெளிச்சம்தான். "வேணுமெண்டுதான் அடிக்கிறான்" எண்டு திட்டிக்கொண்டு போறம்.

பெரும்பாலும் அவர் வேண்டுமென்று அடிப்பதில்லை. அவருடைய லைற் டிம்மிலும் மேலேதான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓடுகிறவருக்கு அது தெரியாது. அவருக்கு றோட்டு நல்லாத்தான் தெரியும். கண் கூசுவது எங்களுக்கு, ஆனால் அதைச் சரிசெய்கிற ஸ்குரு இருப்பது அவருடைய பொனற்றுக்குள்ளே. கார் லைற்றின் நூறு வருட வரலாறு முழுக்க இந்தச் சிக்கலைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

முதல் கார்களில் இருந்தவை எண்ணெய் விளக்குகளும் கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டி எரிகிற அசற்றலின் விளக்குகளும். 1912இல் கடிலாக் நிறுவனம் மின்சார ஸ்ரார்ட்டரையும் மின்சார லைற்றையும் ஒன்றாகப் பொருத்திக் கார் விற்றது. வெளிச்சம் கூடியதும் கண்கூச்சமும் கூடியது. லைற்றைத் தாழ்த்த ஒரு வழி வேண்டியிருந்தது. 1917இல் கடிலாக்கிலேயே ஒரு நெம்பை இழுத்து லைற்றைச் சாய்க்கலாம். 1924இல் ஒஸ்ராம் நிறுவனத்தின் 'பிலுக்ஸ்' மின்குமிழ் வந்தது. ஒரே குமிழுக்குள் இரண்டு இழை, ஒன்று தூரத்துக்கு, மற்றது கிட்டத்துக்கு. இன்றைக்கும் நாங்கள் 'டிம்' எண்டு சொல்லுவது அந்த இரண்டாவது இழையைத்தான். இங்கிலாந்தில் இன்னொரு வழி பிடித்தார்கள். எதிரே வண்டி வந்தால் ஒரு லைற் முழுதாக அணையும், மற்றது ஓரப் பக்கமாகத் தாழும்.

இங்கிலாந்துக் கார்கள்தான் யாழ்ப்பாணத்துக்கும் வந்தன. ஓஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் எல்லாம் இன்றைக்கும் சில வீடுகளின் கொட்டிலில் நிற்கின்றன. மைனரின் முகத்தைக் கவனித்திருக்கிறீங்களா? 1948இல் வெளிவந்தபோது அதன் லைற்றுகள் கீழே, முன் கிறிலோடு ஒட்டி இருந்தன. லைற் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதி இருந்ததால், 1950களின் தொடக்கத்தில் அவற்றை மட்கார்ட்டின் மேல்பகுதிக்கு ஏற்றினார்கள். எங்கட ஊர்க் காரின் முகத்தை மாற்றினது எங்கேயோ இருந்த ஒரு சட்டம்.

அந்த ஏழு அங்குல வட்ட லைற்றில் வேலை சுலபம். மேலே ஒரு ஸ்குரு, அது ஏற்ற இறக்க. பக்கத்தில் ஒன்று, இடம் வலம் திருப்ப. அப்பப்பா சொல்லுவார்: பின்னேரம் இருட்டினதும் காரை மதிலுக்கு முன்னால நிப்பாட்டி, கரியால ஒரு கோடு கீறி, வெளிச்சம் கோட்டுக்குக் கீழே வரும்வரை திருப்புவினமாம். அமெரிக்காவிலும் 25 அடி தூரத்தில் சுவரை வைத்து இதைத்தான் செய்தார்கள்.

பிறகு 1990 வந்தது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, எரிபொருளுக்குத் தடை. கொஞ்சம் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின அந்தப் பழைய கார்கள். தீவகத்தில் கனபேர் இடம்பெயர்ந்து போனார்கள். சோதனைச்சாவடி வந்தால் முன் லைற்றை அணைத்து, உள் லைற்றைப் போட வேண்டும். ஒரு தலைமுறைக்கு லைற் பற்றின ஒழுங்கு என்பது எவ்வளவு சாய்வு என்பது இல்லை, எங்கே அணைப்பது என்பதுதான். மதிலும் கரிக்கோடும் அப்படியே மறந்துபோயின.

போருக்குப் பிறகு யப்பான் வான்களும் இந்திய ஓட்டோக்களும் நிறைய வந்தன. அந்த நாடுகளிலும் வண்டி இடப்பக்கம்தான் ஓடும் என்பதால் லைற்றும் எங்களுக்குப் பொருந்தும். டிம் வெளிச்சம் இடப்பக்கம், நடைபாதைப் பக்கமாகத்தான் ஏறும். பிரான்சிலும் கனடாவிலும் வலப்பக்கம் ஓடுவார்கள். அங்கே செய்த முழு லைற்றை இங்கே பூட்டினால் ஏறுகிற பக்கம் எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும்.

இப்ப பெரிய தலையிடி எல்.ஈ.டி. மின்குமிழ். 1971இல் வந்த எச்4 குமிழைக் கழற்றிப் பாருங்கோ. டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். மேலே போகக்கூடிய ஒளியை அதுதான் மறைக்கிறது. அதனால்தான் மதிலில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு வெட்டினமாதிரி விழும். அந்த இடத்தில் பொருந்தாத எல்.ஈ.டி.யைச் செருகினால் விளிம்பு குலைந்துபோகும். பிறகு எந்த ஸ்குருவைத் திருப்பியும் பிரயோசனம் இல்லை.

அப்ப வீட்டில் செய்யலாமா, கராச்சுக்குத்தான் போக வேணுமா? பழைய வட்ட லைற், சாதாரண எச்4 என்றால் வீட்டிலேயே செய்யலாம். சமதரை, சரியான ரயர் காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஒரு ஆள். மதிலிலிருந்து பத்து மீற்றர் தள்ளி வண்டியை நிறுத்துங்கோ. லைற்றின் நடுப்புள்ளி எவ்வளவு உயரமோ, அதிலிருந்து பத்து சென்ரிமீற்றர் கீழே மதிலில் கோடு. டிம்மின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் விழ வேண்டும். இது ஒரு சதவீதச் சாய்வு. உங்கட வண்டிக்கு வேறு அளவு என்றால் லைற்றுக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

இந்தச் சின்ன அளவில் என்ன இருக்கு என்று கேட்கலாம். வானின் லைற் 80 சென்ரிமீற்றர் உயரம் என்று வைப்போம். மதிலில் விளிம்பு லைற்றைவிட 12 சென்ரிமீற்றர் மேலே விழுந்தால், 50 மீற்றரில் அது 60 சென்ரிமீற்றர் மேலே போயிருக்கும். தரையிலிருந்து 140. மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் கண் கிட்டத்தட்ட அங்கேதான். நயினாதீவுத் திருவிழாவுக்குச் சனத்தையும் சாமானையும் பின்னால் ஏற்றிக் குறிகட்டுவானுக்குப் போகிற வானின் மூக்கு இன்னும் மேலே நிமிரும்.

ஆனால் மதிலுக்கும் எல்லை இருக்கு. உப்புக் காற்றில் துருப்பிடித்த ஸ்குரு, உள்ளே மங்கின றிப்ளெக்டர், புது வண்டிகளின் எல்.ஈ.டி. லைற்றுகள் எல்லாம் கராச் வேலை. வசதியுள்ள கராச்சில் லைற்றுக்கு முன்னால் உருட்டி வைக்கிற ஒரு பெட்டி இருக்கும். பத்து மீற்றருக்கு அப்பால் விழ வேண்டிய வடிவத்தை அதன் வில்லை உள்ளே ஒரு சின்னத் திரையில் விழுத்திக் காட்டும். அந்தப் பெட்டியும் ஒரு மதில்தான், சுருக்கின மதில்.

யார் திருப்புவது என்பதைவிட யார் பார்ப்பது என்பதுதான் பெரிய கேள்வி. இங்கிலாந்தில் 1960இல் கட்டாய வாகனச் சோதனை தொடங்கியபோது பிறேக், ஸ்ரியரிங்கோடு லைற்றும் அதில் இருந்தது. யப்பானில் குறித்த காலத்துக்கு ஒருமுறை லைற்றின் குறியை மெசினில் வைத்துப் பார்ப்பார்கள். இலங்கையில் 2008இலிருந்து வருமான வரிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை கட்டாயம். அந்த மெசின் புகையை அளக்கும், வெளிச்சத்தை அளக்காது. யப்பானில் தவறாமல் சோதிக்கப்பட்ட அதே வான், பண்ணைக்கு வந்த பிறகு அடுத்தவன் கண்ணுக்கு என்ன செய்கிறது என்று புகைப் பரிசோதனையில் ஒருவரும் கேட்பதில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்கலாம். அதற்கு முதல், இண்டைக்கு இரவு உங்கட வண்டியை ஒருக்கா மதிலுக்கு முன்னால நிப்பாட்டிப் பாருங்கோ. அப்பா, அண்ணா ஓடுகிற வண்டியையும் சேர்த்து.