பாட்டு வாத்தியாரின் கண்ணாடி

குரல்நாண் தசை தளர்ந்து, காற்று கசியும் குரலோடு என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வருபவர்களிடம் மானுவேல் கார்சியாவைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். அவர் மருத்துவர் அல்ல, பாட்டு வாத்தியார். 1854இல் பல் மருத்துவரின் காம்புக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, தன் குரல்நாண்கள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். என்ன துணிச்சல்! பின்னர் டுர்க், செர்மாக் என்ற மருத்துவர்கள் அந்த முறையை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் எந்த நாண் அசையவில்லை என்று கண்ணால் பார்த்தே சொல்ல முடிந்தது.

அசையாத நாணுக்கான சிகிச்சை தாமதமாகத்தான் வந்தது. 1911இல் ப்ரூனிங்ஸ் என்ற மருத்துவர் அசையாத நாணுக்குள் பாரஃபின் மெழுகை ஊசியால் ஏற்றினார். பின்னாளில் அந்த மெழுகே கட்டிகளை உண்டாக்கியது. 1974இல் ஜப்பானிய மருத்துவர் இஷிகி, கழுத்துக் குருத்தெலும்பில் சிறு சன்னல் வெட்டி, வெளியிலிருந்தே நாணை நடுவுக்குத் தள்ளும் முறையைத் தந்தார். நோயாளி விழித்திருப்பார், அவரைப் பேசச் சொல்லி, குரலைக் கேட்டபடியே மருத்துவர் அளவைச் சரிசெய்வார்.