இரு நிலையங்களும் ஒரு நடைபாலமும்

இருப்புப்பாதையின் வரலாற்றைக் கூறும்பொழுது நாம் பெரும்பாலும் எஞ்சின்களையும் தண்டவாளங்களையும் பற்றியே பேசுகிறோம். வண்டியை விட்டு இறங்கிய மனிதன் எவ்வழியே வெளியேறுகிறான் என்று கேட்பவர் சிலரே. அக்கேள்வியையே இன்று மாணவர்களாகிய உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

மும்பையில் பிரபாதேவி என்றொரு புறநகர் இரயில் நிலையம் உண்டு. 2018 வரை அதன் பெயர் எல்பின்ஸ்டன் சாலை. முதலில் சென்னைக்கும் (1837–42), பின்னர் பம்பாய்க்கும் (1853–60) ஆளுநராயிருந்த எல்பின்ஸ்டன் பிரபுவின் பெயர் அது. அதனை ஒட்டியே பரேல் நிலையம் இருக்கிறது. இரண்டு நிலையங்கள் இவ்வளவு அருகில் அமைந்தது ஏன்? அந்நாளில் இரு வேறு கம்பெனிகள் தத்தம் பாதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அமைத்தன; நிலையங்களும் தனித்தனியாயின. அப்பாதைகள் 1951-இல் மத்திய இரயில்வே, மேற்கு இரயில்வே என்னும் இரு பிரிவுகளுள் அடங்கின. ஆயினும் ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்வோர் குறுகிய நடைபாலத்தையே நம்பியிருந்தனர்.

அவ்வட்டாரம் பஞ்சாலைகளின் வட்டாரம். தொழிலாளர் பலர் ஆலைகளின் அருகிலேயே குடியிருந்தனர். சங்கு ஊதியதும் நடந்தே வேலைக்குச் சென்றனர். 1982-இல் சுமார் 2,50,000 தொழிலாளர் ஈடுபட்ட பெரும் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதன் பின்னர் ஆலைகள் பல மூடப்பட்டன. அந்நிலங்களில் அலுவலக மாளிகைகள் எழுந்தன. அங்கு வேலை பார்ப்போரோ தொலைவிலுள்ள புறநகர்களிலிருந்து இரயிலில் வந்து இறங்கினர். ஊரின் தொழில் மாறிற்று. வருவோரின் தொகை பெருகிற்று. பாலத்தின் அகலம் மட்டும் மாறவில்லை.

2017 செப்டம்பர் 29 அன்று காலையில் பெருமழை பெய்தது. மழைக்கு ஒதுங்கிய பலர் பாலத்திலும் படிகளிலும் நின்றுவிட்டனர். வண்டிகளோ மேலும் மேலும் மக்களைக் கொணர்ந்து இறக்கின. அந்நெரிசலில் 23 பேர் உயிரிழந்தனர். அகலமான புதிய பாலத்திற்கு முன்னரே ஒப்புதல் கிடைத்திருந்தது, ஆனால், கட்டப்படவில்லை. பின்னர் இராணுவத்தினர் முனைந்து கட்டிய புதிய நடைபாலம் 2018 பிப்ரவரி 27-இல் திறக்கப்பட்டது. சில திங்களில் முடிந்துவிட்ட அவ்வேலை, அதற்குமுன் ஏன் முடியவில்லை என்பதே வரலாறு நம்மிடம் கேட்கும் கேள்வி.

மழையைக் காரணம் காட்டுவது எளிது. அன்று பெய்த மழை ஒருநாள் மழை. பாலத்தின் குறுக்கமோ பல்லாண்டுக் குறை என்பேன் நான். வண்டிகளை மிகுதியாக விடுவோர் கால்களுக்கும் கணக்கு வைத்தல் வேண்டும். நாளை உங்களுள் சிலர் பொறியாளராவீர்கள். சிலர் நகராட்சியில் அமர்வீர்கள். அதுவரை காத்திராமல், உங்கள் ஊர் நிலையத்துப் படிகளின் அகலத்தை இன்றே அளந்து பாருங்கள்.