ஹரிஹரனின் குரலில் ஆகச் சிறந்தது எது? ஒரு ரசனைத் தேர்வும் மும்பைத் தமிழர் வரலாறும்

மும்பைத் தமிழரின் இசை வாழ்வைப் பற்றிய உரையாடல்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: ஹரிஹரன் பாடியவற்றுள் ஆகச் சிறந்தது எது? மேலோட்டமாகப் பார்த்தால் இது தேநீர் வேளைப் பேச்சு. ஆயினும் ஒருவர் எதைத் தேர்கிறார், அதற்கு என்ன காரணம் கூறுகிறார் என்பதைக் கவனித்தால், அவர் எந்த நகரத்தில், எந்த மொழிகளுக்கிடையே, எந்தத் தெருவில் நின்று கேட்கிறார் என்பதும் தெரிந்துவிடும். அவ்வகையில் ரசனைத் தேர்வும் சமூக வரலாற்றுக்கு ஒரு சான்றாகிறது. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 1996இல் வெளிவந்த ‘கலோனியல் கஸின்ஸ்’ இசைத்தொகுப்பில் அவர் பாடிய ‘கிருஷ்ணா’. அதற்கான காரணங்களையும், அத்தேர்வு எதை வெளியே நிறுத்துகிறது என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

தொடங்குமுன் ஒரு முறையியல் குறிப்பு. பாடல் வேறு, அது பாடப்பட்ட விதம் வேறு. ‘எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும்’ என்று நாம் சொல்லும்போது கவிஞரையும் இசையமைப்பாளரையும் படக்காட்சியையும் நம் இளமையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். குரலை மட்டும் மதிப்பிட வேண்டுமாயின் எந்த ஒலிப்பதிவு, எந்த ஆண்டு, எந்த மொழி வடிவம் என்று வரையறுத்துக்கொள்வது அவசியம். வெகுமக்கள் இசையை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் இவ்வரையறையைப் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

ஹரிஹரன் 1955இல் திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மும்பையில் வளர்ந்தவர். தந்தை எச்.ஏ.எஸ். மணி, தாய் அலமேலு மணி இருவரும் கர்நாடக இசைக் கலைஞர்கள். தாயார் அந்நகரில் அறியப்பட்ட இசையாசிரியர். வீட்டில் கர்நாடக இசை. பின்னர் உஸ்தாத் குலாம் முஸ்தஃபா கானிடம் இந்துஸ்தானி இசை. கல்வி தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியில். இந்த வரிசையே ஒரு நகர வரலாறு. அலுவலகப் பணிகளை நாடிப் பம்பாய் வந்த தென்னிந்திய நடுத்தர வர்க்கம் மாட்டுங்காவைச் சுற்றித் தனக்கான நிறுவனங்களைக் கட்டியெழுப்பியது. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1952இல் ஷண்முகானந்த சபா நிறுவப்பட்டு, 1963இல் அதன் பேரரங்கம் திறக்கப்பட்டது. பள்ளிக்கூடம், பஜனை மண்டலி, ஆஸ்திக சமாஜக் கோயில், உடுப்பி உணவகம், சபா ஆகியவற்றால் ஆன வட்டம் அது. அதே வர்க்கம் செம்பூருக்குப் பரவியபோது அங்கும் சபாவையும் கோயிலையும் அமைத்துக்கொண்டது.

இவ்வட்டத்துக்கு வெளியே காற்று வேறு திசையில் வீசியது. 1966இல் சிவசேனை தோன்றியது. அதன் தொடக்க ஆண்டுகளின் முதன்மை இலக்கு தென்னிந்தியர்களே: அலுவலகங்களில் தென்னிந்தியர் பெயர்ப்பட்டியல்கள், வேட்டியை எள்ளி நகையாடும் முழக்கம், உடுப்பி உணவகங்கள் மீது தாக்குதல். இத்தகைய சூழலில் ஒரு சமூகத்தின் இசை வீட்டுக்குள்ளும் சபாவுக்குள்ளும் மட்டுமே ஒலிப்பது இயல்பு. தெருவில் மராத்தியோ இந்தியோ, வீட்டில் தமிழ், பூஜையறையில் சமஸ்கிருதமும் தெலுங்கும் கன்னடமும் என்ற மொழிப் பங்கீடு அந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இயற்கையாகவே அமைந்தது.

இந்தப் பின்னணியில் மூன்று ஒலிப்பதிவுகளை ஒப்பிடலாம்.

முதலாவது, முஸஃபர் அலி இயக்கிய ‘கமன்’ (1978) படத்தின் கஜல். 1977இல் அகில இந்திய சுர் சிங்கார் போட்டியில் வென்ற இளைஞரை இசையமைப்பாளர் ஜெய்தேவ் அழைத்துப் பாடவைத்தார். வரிகள் ஷஹரியார் எழுதியவை. உத்தரப்பிரதேசக் கிராமத்திலிருந்து வந்து பம்பாயில் டாக்ஸி ஓட்டும் ஒரு மனிதனைப் பற்றிய படம் அது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒருவர் துயரத்தை மிகைப்படுத்தாமல், தணிந்த குரலில் பாடியிருப்பது இன்றும் வியப்பளிக்கிறது. கஜல் ரசிகர்கள் இதையே முதலிடத்தில் வைப்பதில் நியாயம் உண்டு. எனினும், இப்பாடலின் வெற்றி பாடகரின் பிறப்பிடம் சிறிதும் தெரியாமல் போவதில் இருக்கிறது. உருது உச்சரிப்பில் எந்தத் தெற்கத்திச் சாயலும் இல்லை. புலம்பெயர்ந்தவரைப் பற்றிய பாடலை மற்றொரு புலம்பெயர்ந்த குடும்பத்தின் மகன் பாடுகிறார். ஆனால் அதை அவர் குரலிலிருந்து யாரும் கண்டுபிடிக்க இயலாது. அந்த மறைவுதான் அன்றைய பம்பாய்த் திரையிசையில் நுழைவதற்கு அவர் செலுத்திய கட்டணம்.

இரண்டாவது, ‘பம்பாய்’ (1995) படத்தின் ‘உயிரே’. சென்னையில் கேட்டால் பெரும்பாலும் இதுவே விடையாக வரும். ஏ.ஆர். ரஹ்மான் 1992இல் ‘ரோஜா’வின் ‘தமிழா தமிழா’ வழியாக ஹரிஹரனைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்திருந்தார். ‘உயிரே’ அவரைத் தமிழர் வீடுகளுக்குள் நிலைநிறுத்தியது. இதன் இந்தி வடிவமான ‘தூ ஹி ரே’யையும் அவரே பாடினார் என்பது ஆய்வாளருக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. தமிழில் உடன் பாடியவர் சித்ரா, இந்தியில் கவிதா கிருஷ்ணமூர்த்தி. மெட்டு ஒன்று, குரல் ஒன்று, மொழிகள் இரண்டு. தமிழில் முதற்சொல் குறிலில் தொடங்கி ஏகாரத்தில் சென்று நீள்கிறது. இந்தியில் நெடிலிலேயே தொடங்குகிறது. ஆகவே தமிழ் வடிவத்தில் குரல் ஒரு தயக்கத்திலிருந்து எழுந்து விரிவதுபோலவும், இந்தி வடிவத்தில் முதற்கணத்திலேயே விரிந்துவிட்டது போலவும் கேட்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மும்பைத் தமிழ்க் குழந்தைகள் பலர் இரண்டையும் ஒரே ஆண்டில், ஒன்றை வீட்டிலும் மற்றொன்றைத் தெருவிலும் கேட்டு வளர்ந்தவர்கள். எது மூலம், எது மறுபதிப்பு என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை.

ஆயினும் ‘உயிரே’யின் பெருமையில் பெரும்பங்கு காட்சிக்குரியது. பேக்கல் கோட்டை, கடல், காற்று, காத்திருக்கும் காதலன் ஆகிய அனைத்தும் நம் காதுக்குள் புகுந்து குரலோடு கலந்துவிட்டன. கடலுக்கு அப்பாலும் கேட்க வேண்டும் என்பதுபோல் அழைக்கும் குரல் அது. திரை அதைக் கோரியது. பாடகர் அதைத் தந்தார்.

மூன்றாவது, ‘கிருஷ்ணா’. இதுவும் ஓர் அழைப்புப் பாடலே. ஆனால் அழைக்கும் விதம் முற்றிலும் வேறு.

1990களின் தொடக்கத்தில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தபின் இந்தியாவில் திரைப்படத்தைச் சாராத பாப் இசைக்கு ஒரு சந்தை உருவானது. 1995இல் அலீஷா சினாயின் ‘மேட் இன் இந்தியா’ அச்சந்தையின் அளவை உணர்த்தியது. இதற்குப் பயிற்சிக்களமாக அமைந்தது பம்பாயின் விளம்பரத் தொழில். முப்பது வினாடிகளில் எந்த மொழியிலும் எந்தப் பாணியிலும் பாடித்தர வேண்டிய அந்த ஒலிப்பதிவுக் கூடங்களில்தான் ஹரிஹரனும் கிட்டார் கலைஞர் லெஸ்லி லூயிஸும் சேர்ந்து பணியாற்றினர். அந்நட்பிலிருந்து உருவானது கலோனியல் கஸின்ஸ். எம்.டி.வி.யின் ‘அன்பிளக்ட்’ நிகழ்ச்சியில் பாடிய முதல் இந்தியக் குழுவும் அதுவே.

‘கிருஷ்ணா’வின் கரு புதியதன்று. விஜயநகரக் காலத்து வியாசராயர் இயற்றிய கன்னடத் தேவர்நாமாவாகிய ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ அது. கண்ணனை விரைந்து வரச் சொல்லும் அழைப்பு. உலகையே தன் வாயில் தாய்க்குக் காட்டியவனின் அழகை வியக்கும் பாடல். தஞ்சாவூர் பாலசரஸ்வதியின் அபிநயத்தால் புகழ்பெற்றது. சத்யஜித் ராய் எடுத்த ‘பாலா’ (1976) ஆவணப்படத்தில் அவர் கடற்கரையில் இதற்கு ஆடுவதைக் காணலாம். இதன் ராகம் யமுனா கல்யாணி, வடக்கத்திய யமன் மரபோடு உறவுடையது. அதாவது, தாயிடமிருந்து பெற்றதையும் உஸ்தாதிடமிருந்து பெற்றதையும் ஒரே மூச்சில் பாட இடமளிக்கும் ராகம். ஹரிஹரனின் வாழ்க்கை வரலாற்றை ஒரு ராகமாக எழுதச் சொன்னால் இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது.

அவர் பாடியிருக்கும் விதத்துக்கு வருவோம். சபாவில் பாடும் குரல் கடைசி வரிசை வரை எட்ட வேண்டும். ஒலிவாங்கியின் அருகே பாடும் குரலுக்கு அக்கடமை இல்லை. பல்லவியை அவர் பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோல் மெல்லப் பாடுகிறார். கமகங்கள் குறைக்கப்பட்டிருக்கின்றன, கைவிடப்படவில்லை. ‘பாரோ’ என்ற சொல்லின் ஓகாரத்தில் இந்துஸ்தானி இசையின் மென்மையான இழுவை கேட்கிறது. ‘பேகனே’யின் அசைவில் கர்நாடக இசை வீட்டின் பழக்கம் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே தையல் தெரியவில்லை. வித்தையைக் காட்டுவதற்கு ஏராளமான இடங்கள் இருந்தும் அவர் காட்டாமல் கடந்து செல்கிறார். என்னைப் பொறுத்தவரை இக்குரலின் உச்சம் இந்த அடக்கமே.

இனி வரலாற்றுக் காரணம். 1992 டிசம்பர், 1993 ஜனவரி மாதங்களில் பம்பாயில் நடந்த கலவரங்களில் சுமார் 900 பேர் கொல்லப்பட்டனர். பாதிக்கப்பட்ட பகுதிகளுள் தாராவியும் ஒன்று. 1995இல் சிவசேனை, பாரதிய ஜனதா கூட்டணி ஆட்சிக்கு வந்தது. அவ்வாண்டே பம்பாய் மும்பையாயிற்று. அடுத்த ஆண்டு வெளிவந்த இப்பாடலின் ஆங்கிலப் பகுதிகளில் லெஸ்லி, மனிதர்கள் தமக்குள் அடித்துக்கொள்ளும் இருண்ட காலத்தைச் சொல்லி, இயேசுவாகவோ இராமனாகவோ அல்லாவாகவோ திரும்பி வா என்று கேட்கிறார். அதற்கு மறுமொழியாக ஹரிஹரனின் கன்னட அழைப்பு ஒலிக்கிறது. எரிந்து ஓய்ந்த நகரத்தில், ஒரு கிறித்தவரும் ஓர் இஸ்லாமிய உஸ்தாதின் தமிழ் மாணவரும் சேர்ந்து பாடிய பாடல் இது. கலவரத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டாலும், அக்காலத்து நகரவாசியின் காதுக்கு அந்த ‘விரைந்து வா’ பக்திப் பாடலாக மட்டும் ஒலித்திருக்க முடியாது என்பது என் வாசிப்பு.

இதனுடன் மற்றொன்றும் நிகழ்ந்தது. முப்பது ஆண்டுகளாகப் பூஜையறையிலும் சபாவிலும் அடங்கியிருந்த ஒரு பாடல், தொலைக்காட்சி வழியாகத் தெருவுக்கு வந்தது. ‘கமன்’ கஜலில் பாடகர் தம் வீட்டை மறைக்க வேண்டியிருந்தது. ‘கிருஷ்ணா’வில் வீடே மேடையேறியது.

இத்தேர்வுக்கு எதிரான மறுப்புகளை எதிர்கொள்வோம். தேவர்நாமாவைப் பாப் இசையாக்கியது நீர்த்துப்போகச் செய்யும் செயல் என்பது முதலாவது. தாசர்களின் பாடல்கள் சபாவுக்காகப் பிறந்தவை அல்ல. பக்தர்களின் வாய்வழியே பரவியவை. மேடைக் கச்சேரி அவற்றுக்குப் பிற்காலத்தில் வாய்த்த வடிவங்களுள் ஒன்று. இது தமிழ்ப் பாடலே அன்று என்பது இரண்டாவது மறுப்பு. உண்மைதான். ஆனால் மாட்டுங்காவின் தமிழர் தனித்த தமிழராக மட்டும் வாழவில்லை. வெளியுலகம் அவரைக் கன்னடர், மலையாளி, தெலுங்கருடன் சேர்த்து ‘மதராஸி’ என்ற ஒரே பெயரால் அழைத்தது. உள்ளேயும் அவர்கள் ஒரே கோயிலையும் சபாவையும் பகிர்ந்துகொண்டனர். அந்தக் கலப்பு வாழ்வின் துல்லியமான ஆவணமாக ஒரு கன்னடப் பாடல் அமைவதில் முரண் எதுவும் இல்லை.

மூன்றாவது மறுப்பு கனமானது; அதை நான் தீர்த்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ‘வீடு மேடையேறியது’ என்றேன். யாருடைய வீடு? மாட்டுங்காவிலிருந்து தாராவி நடந்தே போய்விடும் தொலைவு. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்த தலித் மக்களும் பிற உழைப்பாளிகளும் உருவாக்கிய தமிழ் ஊர் அது. தொண்ணூறடிச் சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கும் அந்த மக்களின் இசை வாழ்வில், சபாவின் தேவர்நாமாவுக்கு இடமில்லை. எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரி வழியாக இசையுலகுக்குச் செல்லும் பாதை செம்பூரில் பிறந்த சங்கர் மகாதேவனுக்கும் திறந்திருந்தது. 1998இல் ‘பிரெத்லெஸ்’ வழியாக அவரும் நாடறிந்த பாப் குரலானார். தாராவிக்கு அத்தகைய பாதை அமையவில்லை. தாராவியின் தமிழ்க் குரல் நாடெங்கும் ஒலிக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பா. இரஞ்சித்தின் ‘காலா’வில் சந்தோஷ் நாராயணன் இசையில் தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழுவினர் பாடிய ராப், தங்கள் தெருவின் பேச்சை அப்படியே இசையாக்கியது. அது யாரையும் மெல்ல அழைக்கவில்லை. நிலத்தின் மீதான உரிமையைப் பேசும் படத்தில் உரத்தே ஒலித்தது.

ஆகவே ‘கிருஷ்ணா’வை ‘மும்பைத் தமிழரின் குரல்’ என்று பொதுமைப்படுத்துவது பிழையாகும். அது மாட்டுங்காவின் குரல். அடக்கத்தைத் தற்காப்பாகவும் அழகாகவும் பயின்ற ஒரு வர்க்கத்தின் குரல். அந்த எல்லைக்குள் அதைவிட நேர்மையான, நுட்பமான ஒலிப்பதிவை நான் கேட்டதில்லை. அவ்வெல்லையைச் சொல்லாமல் அதன் அழகை மட்டும் சொன்னால், ரயில் பாதைக்கு அப்பால் இருந்த காதுகளை நாமும் மறந்தவர்களாவோம்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிடித்த குரல் எதுவாயினும், ஒரே ஒரு ஒலிப்பதிவைத் தேர்ந்து, அதன் ஆண்டையும் வடிவத்தையும் குறித்துக்கொண்டு, அது உங்களுக்கு எந்த வீட்டிலிருந்து கேட்கிறது என்று எழுதிப் பாருங்கள். அடுத்த தெருவில் அந்நேரம் எந்தப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.