பூட்டும் உயிரும்

பழைய வில்லிஸ் பிக்கப் வண்டியைப் பிள்ளைபோல் வளர்க்கும் கடலூர் அன்பர்களுக்குப் பூட்டைவிட நல்ல உபாயம் ஒன்றுண்டு. 1940-ல், ஜெர்மானியர் வந்திறங்குவார்கள் என்று அஞ்சிய பிரிட்டனில், நிறுத்தும் காரைப் பிறர் ஓட்டமுடியாதபடி செய்துவிட்டே போகவேண்டும் என்று உத்தரவு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டாரைப் பலர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். அது இல்லையேல் பிளக்குகளுக்கு மின்சாரம் போகாது, எஞ்சின் கிளம்பாது.

இந்தச் சூட்சுமம் நம் சீமைக்குப் புதிதன்று. 1648-ல் படையெடுப்புக்கு அஞ்சிய சிதம்பரம், கோயில் கதவுகளை நம்பவில்லை. நடராஜரையே எடுத்துக்கொண்டு குடுமியான்மலைக்கும், பிறகு மதுரைக்கும் போனார்கள். 1686-ல்தான் அவர் திரும்பினார்.

உயிரை எடுத்து ஒளித்துவிட்டால் கள்வனுக்கு மிஞ்சுவது வெறும் கூடு. நமக்கும் அதுவரை கூடுதான். ஏறக்குறைய 38 வருஷம் கூத்தனில்லாத சபையைப் பார்த்து நின்றவர்கள் அந்த விலையைக் கொடுத்தவர்கள்.