ஆறு மணித் தேநீரும் ஒன்றிரண்டு ரஸ்க்கும்

இலண்டன் மாநகரில் ஒரு பெரியவர் இருந்தார். மாடியிலிருந்து கீழே வர வேண்டுமானால், முகத்தைப் படிகளின் பக்கம் திருப்பிக்கொண்டு, ஏணியில் இறங்குவதைப் போலப் பின்புறமாக மெல்ல மெல்ல இறங்குவார். நேராக இறங்கினால் உடலின் பாரம் முழுவதும் முழங்காலில் விழும். அந்த வலியைத் தாங்க முடியாது. குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டவும் அவரால் இயலாது. 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய எடை 202 பவுண்டு. நம் கணக்கில் ஏறத்தாழ 92 கிலோ. உயரமோ ஐந்தடி ஐந்து அங்குலந்தான். பெயர் வில்லியம் பான்டிங். தொழில், இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்தல். 1852இல் வெலிங்டன் பிரபுவுக்கும், 1861இல் விக்டோரியா அரசியாரின் கணவர் ஆல்பர்ட்டுக்கும் இறுதி ஊர்வல ஏற்பாடுகளைச் செய்தது அவர் குடும்பத்து நிறுவனம். பிறருடைய கடைசிப் பெட்டிக்கு அளவெடுக்கும் தொழில் செய்தவர் தம் சுற்றளவைக் கண்டு அஞ்சியதில் வியப்பொன்றுமில்லை.

இந்தப் பெரியவரை நாம் தேடிச் சென்றதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. நாற்பத்தைந்து வயதைத் தொட்ட நமக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாக அறிவுரை சொன்னார்கள். ஒருவர், “கொஞ்சங் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடுங்கள், இடையில் வயிற்றைக் காயப் போடாதீர்கள்” என்றார். மற்றவர், “இரண்டு வேளையே போதும், இடைத்தீனி என்ற பேச்சே கூடாது” என்றார். இருவரும் நன்றாகப் படித்தவர்கள். இருவரும் உறுதியாகவே சொன்னார்கள். தமிழ் கற்பிப்பவனுக்குப் பாடபேதம் கண்டால் மூலச் சுவடியைத் தேடும் பழக்கம் போகாது. அப்படிப் பின்னோக்கிப் போனபோதுதான், இன்றைய எடைக்குறைப்பு உணவுத் திட்டங்களின் பாட்டனாரான பான்டிங் கண்ணில் பட்டார்.

பான்டிங் சோம்பேறி அல்லர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பருத்தவர் என்றாலே பெருந்தீனிக்காரர் என்று முடிவு கட்டும் வழக்கம் அன்றும் இருந்தது. அவரோ மருத்துவர்கள் சொன்ன அத்தனையையும் செய்து பார்த்தவர். கடற்காற்று, கடல் நீராடல், குதிரையேற்றம், ஊற்று நீருக்குப் பெயர்பெற்ற ஊர்களில் வாசம், துருக்கிக் குளியல், பாட்டில் பாட்டிலாக மருந்து என எதுவும் பலிக்கவில்லை. ஒரு மருத்துவ நண்பர் உடலுழைப்பு வேண்டும் என்று சொல்லவே, விடியற்காலையில் இரண்டு மணி நேரம் ஆற்றில் படகு வலித்தார். தசை வலுத்தது. கூடவே அகோரப் பசியும் வந்தது. பசிக்கு ஏற்ப உண்டார், எடை ஏறியது. படகைக் கைவிடும்படி அதே நண்பர் சொல்லும் நிலை வந்தது. பசியைக் கணக்கில் கொள்ளாத எந்தத் திட்டமும் நிலைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நாம் கண்டதில்லை.

வழி பிறந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. காது மந்தமாகி வருகிறதென்று ஒரு காது மருத்துவரிடம் போனார், பயனில்லை. அவர் விடுமுறைக்கு ஊர் போய்விடவே, வில்லியம் ஹார்வி என்ற இன்னொரு காது மருத்துவரைப் பார்த்தார். (குருதி ஓட்டத்தைக் கண்டறிந்த ஹார்வி வேறு, அவர் இவருக்கு இருநூறு ஆண்டு முந்தியவர்.) இந்த ஹார்வி பாரிசு நகரில் கிளாட் பெர்னார் என்னும் அறிஞரின் உரைகளைக் கேட்டவர். கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்று காட்டியவர் பெர்னார். மாவும் சர்க்கரையுமான உணவு உடலைப் பெருக்கச் செய்யும் என்று ஹார்வி அதிலிருந்து ஊகித்திருந்தார். பான்டிங்கின் காதுக் கோளாறுக்கும் கொழுப்பே காரணம் என்று கருதி, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கச் சொன்னார்.

இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். பான்டிங் அதுவரை எப்படி உண்டு வந்தார்? காலையில் பாலும் ரொட்டியும், அல்லது நிறையப் பாலும் சர்க்கரையும் சேர்த்த பெரிய அளவுத் தேநீரும் வெண்ணெய் தடவிய வாட்டிய ரொட்டியும். நண்பகலுக்குப் பின் இறைச்சி, பீர், ஏராளமான ரொட்டி, மாப்பண்டம். மாலைத் தேநீர் வேளையில் மறுபடி காலையில் உண்டதைப் போன்றதே. இரவில் பழம் வைத்துச் சுட்ட மாப்பண்டம் அல்லது பாலும் ரொட்டியும். ஆக நான்கு வேளை.

புதிய திட்டத்தில் எத்தனை வேளை? அதே நான்குதான்! 1869இல் வந்த நான்காம் பதிப்பில் நேரத்தையும் அவரே குறித்திருக்கிறார். காலை 9 மணிக்கு ஐந்தாறு அவுன்சு இறைச்சி அல்லது மீன், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், சிறிது பிஸ்கட் அல்லது ஓர் அவுன்சு வாட்டிய ரொட்டி. பிற்பகல் 2 மணிக்கு மீன் அல்லது இறைச்சி, உருளைக்கிழங்கு நீங்கலான காய்கறி, மீண்டும் ஓர் அவுன்சு ரொட்டி. மாலை 6 மணிக்குச் சிறிது பழம், ஒன்றிரண்டு ரஸ்க், வெறுந்தேநீர். இரவு 9 மணிக்கு மூன்று நான்கு அவுன்சு இறைச்சி அல்லது மீன்.

அந்த ஆறு மணித் தேநீரை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். பிற்பகல் இரண்டுக்கும் இரவு ஒன்பதுக்கும் இடையே ஏழு மணி நேரம். ஆங்கிலேயர் வாழ்வில் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே பெரிய சாப்பாட்டு நேரம் நண்பகலிலிருந்து மெல்ல மெல்ல நகரத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மேட்டுக்குடியினர் இரவு ஏழு, எட்டு மணிக்கு உண்டனர். அந்த நீண்ட இடைவெளியை நிரப்பவே மாலைத் தேநீர் நிலைபெற்றது. 1840களில் பெட்ஃபோர்டு சீமாட்டி அதைத் தொடங்கி வைத்தார் என்று சொல்வதுண்டு. ஒரு சீமாட்டி இல்லாவிட்டாலும் பசி அதைத் தொடங்கியிருக்கும் என்பது நம் கருத்து. பான்டிங் பழைய முறைப்படிப் பகலில் பெரிய சாப்பாடு உண்டவர்; அவருக்கும் அந்த இடைவெளி இருந்தது. ஹார்வி அந்த வேளையை ஒழிக்கவில்லை. வேளையை வைத்துக்கொண்டு, தட்டை மட்டும் மாற்றினார். வெண்ணெய் ரொட்டி இருந்த இடத்தில் ஒரு பழம். சர்க்கரை போன இடத்தில் ஒன்றுமில்லை. ஏழு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு இரவு உணவுக்கு உட்கார்பவர் மூன்று நான்கு அவுன்சோடு எழுந்திருப்பாரா? படகு வலித்த காலத்தை நினைத்தால் விடை தெரியும்.

எடை வாரத்துக்கு ஒரு பவுண்டு அளவில் குறைந்தது. 1863 செப்டம்பரில் 156 பவுண்டு. மொத்தக் குறைவு 46 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 21 கிலோ. இடுப்பளவில் பன்னிரண்டே கால் அங்குலம். படியில் முன்பக்கமாக இறங்கினார். காதும் தெளிந்தது.

பான்டிங் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. உணவின் தன்மைதான் முக்கியம், அளவைப் பசியின் போக்குக்கு விட்டுவிடலாம் என்று அவர் வாதிடுகிறார். ஆனால் அவருடைய பட்டியலிலோ ஒவ்வொரு வேளைக்கும் அவுன்சுக் கணக்கு! தம்மை அறியாமலே அளவையும் குறைத்துக்கொண்டவர் என்றே நாம் கருதுகிறோம். இன்னொன்று, பகல் உணவோடு இரண்டு மூன்று கோப்பை திராட்சை மது, இரவு உணவோடு ஒன்றிரண்டு, தூக்கம் வேண்டுமானால் படுக்கும் முன் இன்னும் கொஞ்சம். இன்றைய மருத்துவர் எவரும் இதற்குக் கையெழுத்திட மாட்டார். நல்லவேளை, அவரைப் பின்பற்றியவர்கள் எல்லாரும் எல்லாவற்றையும் பின்பற்றவில்லை.

தம் அனுபவத்தை முதலில் ‘லான்செட்’ மருத்துவ இதழுக்கு அனுப்ப எண்ணினார். மருத்துவப் பட்டமில்லாத தம் எழுத்தைப் பொருட்படுத்துவார்களா என்று ஐயுற்று, 1863இல் ‘பருமன் குறித்துப் பொதுமக்களுக்கு ஒரு மடல்’ என்று தாமே அச்சிட்டார். முதலிரண்டு பதிப்புகளை இலவசமாகவே கொடுத்தார்; விற்பனைக்கு வந்த பிறகு இலாபத்தை அறத்துக்கு வழங்கினார். மருத்துவர்கள் பலர் எள்ளி நகையாடினர். மக்கள் வாங்கிப் படித்தனர். மொழியில் ஈடுபாடுள்ளவர்களுக்கு ஒரு சுவையான செய்தி: ‘பான்டிங்’ என்ற பெயரின் இறுதி ஓசை ஆங்கிலத் தொழிற்பெயர் விகுதியைப் போல இருந்ததால், அதை வெட்டிவிட்டு ‘பான்ட்’ என்று ஒரு வினைச்சொல்லையே உண்டாக்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் அது வழக்கொழிந்தது. சுவீடன் நாட்டு மொழியிலோ உணவைக் குறைத்து இளைத்தலுக்கு இன்றும் ‘பான்ட்டா’ என்பதே சொல். இடுகுறியாய் வந்த ஒரு குடும்பப் பெயர் அயல்மொழியில் வினைப்பகுதியாக நிலைத்துவிட்டது!

வேளைக் கணக்கைப் பற்றிய அறிவியல் வழக்கு நூறாண்டு கழித்து எழுந்தது. 1964இல், பான்டிங் தயங்கி நின்ற அதே ‘லான்செட்’ இதழில், பிராகா நகரத்து ஆய்வாளர் ஃபாப்ரியும் அவர் குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அறுபது வயதைக் கடந்த ஆண்களை ஆராய்ந்ததில், நாளுக்கு மூன்று வேளையோ அதற்குக் குறைவாகவோ உண்டவர்களிடம் பருமன் மிகுதி, ஐந்து வேளையும் அதற்கு மேலும் உண்டவர்களிடம் குறைவு என்று கண்டனர். ‘கொஞ்சங் கொஞ்சமாகப் பல வேளை’ என்னும் அறிவுரைக்கு வலுவூட்டியவற்றுள் இது முதன்மையானது. நம் முதல் மருத்துவர் இந்த மரபில் வந்தவர். ஆனால் ஒரு கேள்வி எஞ்சியது. குறைந்த வேளை உண்டதால் பருத்தார்களா, பருத்ததால் இளைக்க வேண்டி வேளையைக் குறைத்தார்களா? 1997இல் பெல்லிலும் உடனாசிரியர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை ஒருசேர மதிப்பிட்டு, வேளை கூடுவதால் உடல் கூடுதலாக ஆற்றலை எரிப்பதில்லை என்று எழுதினார்கள். 2010இல் கனடாவில் பதினாறு பேரை வைத்து ஒரு சிறு சோதனை நடந்தது. ஒரு சாராருக்கு மூன்று வேளை. மறு சாராருக்கு மூன்று வேளையும் மூன்று இடைத்தீனியும். மொத்த அளவைக் குறைத்தது இருவருக்கும் ஒரே விதமாக. எட்டு வாரங்களில் இரு சாராரும் ஒன்றுபோலவே இளைத்தனர்.

நேரத்தைப் பற்றிய செய்தியும் அப்படித்தான். 2022இல் வெளிவந்த சீன ஆய்வொன்றில், 139 பேர் ஓராண்டு குறைத்து உண்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் காலை எட்டுக்கும் மாலை நான்குக்கும் இடையில் மட்டும் உண்டனர். எடைக்குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் அபர்தீன் ஆய்வு, காலையில் மிகுதியாக உண்பதற்கும் இரவில் மிகுதியாக உண்பதற்கும் எடையில் வேறுபாடில்லை என்று கண்டது. ஆனால் காலையில் மிகுதியாக உண்டவர்களுக்கு நாள் முழுவதும் பசி குறைவாக இருந்ததாம். கடிகாரம் கொழுப்பைக் கரைப்பதில்லை; பசியை அடக்கவோ கிளப்பவோ மட்டும் செய்கிறது. அந்த அளவில் நம் மருத்துவர்கள் இருவருமே தவறு சொல்லவில்லை. ஆனால், “உமக்கு எப்போது பசிக்கிறது?” என்று இருவரும் கேட்கவில்லை.

நமக்குப் பசிப்பது மாலை நாலரைக்கு. கடைசி வகுப்பு முடிந்து கல்லூரிச் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் வரும்போது, எண்ணெய்ச் சட்டியிலிருந்து வாழைக்காய் பஜ்ஜியின் மணம் வரும். இரண்டாம் மருத்துவர் சொற்படி மூன்று மாதம் அந்தப் பக்கம் பாராமல் நடந்தோம். வீட்டுக்கு எட்டு மணிக்குப் போய், கைகால் கழுவும் முன்பே நொறுக்குத் தீனி டப்பாவைத் திறந்தோம்; அதன் பிறகுதான் சாப்பாடு. எடைக் கருவியில் முள் ஒரு கிலோ முன்னே போயிருந்தது. பான்டிங்கின் படகும் நம் பட்டினியும் ஒன்றுதான் என்று அப்போது தோன்றவில்லை.

சென்ற ஜூன் முதல் நாலரை மணிக்கு ஒரு கொய்யாப்பழமும் ஒரு சிறு பொட்டலம் சுண்டலும், சர்க்கரையில்லாத தேநீரும். ரஸ்க் மட்டும் இல்லை; நம் ஊர்க் கண்ணாடிப் புட்டியில் இருப்பதில் சர்க்கரை தாராளம். இரவுச் சாப்பாட்டில் இப்போது இரண்டாம் முறை சோறு கேட்பதில்லை. எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது. தேநீர் ஆற்றும் அண்ணன்தான் இன்னும் ஒப்பவில்லை. “ஐயா, சர்க்கரை வேண்டாம்னா சரி, பாலாவது ஊத்தட்டுமா?” என்று நாள்தோறும் கேட்கிறார். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, சரி என்றுவிடுகிறோம்.